முதல் பத்து நிமிஷம்

ஜன்னல் விளிம்பில் ஏழு பாட்டில்கள்.
மூடியில் ஸ்கெட்ச் பேனாவால் தேதி.
பதினொன்றாம் தேதி, டீ டிகாஷன்.
பன்னிரண்டு, அரிசி களைந்த கழுநீர்.
பதினாலில் என்னவோ நெளிகிறது.
என் மனைவி அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

ஓட்டேரியில் எங்கள் சந்துக்குத்
தண்ணீர் வருவது விடியற்காலை நாலேமுக்காலுக்கு.
அதற்கு முன்னால் வாடை வரும்.
முதல் பத்து நிமிஷம் விட்டுவிடணும் என்பது
இங்கே குடிவருகிற எல்லோருக்கும்
அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லப்படுகிறது,
சாவியோடு, ஈ.பி. நம்பரோடு.

விட்டது எங்கே போகிறது என்று
யாரும் கேட்டதில்லை.
வாசல் தாண்டி, மூடி உடைந்த மேன்ஹோல் வரை போய்
அங்கிருந்து
வந்த இடத்துக்கே.

சாம்பிள் எடுக்க வருகிற தேவகிருபை
முதல் பஸ் பிடித்தாலும் ஆறேமுக்கால் ஆகிவிடும்.
ஆறேமுக்காலுக்கு எங்கள் தண்ணீர்,
பெண் பார்க்க வருகிற அன்றைக்கு வீடு இருக்குமே,
அத்தனை சுத்தம்.

பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துப் பற்றவைத்து
குழாயின் வாயைச் சுட்டார்.
சின்னக் குப்பியில் மாத்திரை போட்டுக் குலுக்கினார்.
ரோஸ் நிறம் வந்தது, மிக லேசாக,
வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு.
"பாயின்ட் டூ. இருக்கு சார்."

நான் ஏழு பாட்டிலையும் கொண்டுவந்து
அவர் காலடியில் வரிசையாக வைத்தேன்.
திறக்கவில்லை, முகரவில்லை.
"இது கணக்குல வராது சார். கொதிக்க வெச்ச பாட்டில் இல்ல,
ஐஸ் பெட்டி இல்ல, நாள் கணக்கா ஆயிடுச்சு."
பிறகு குனிந்து
மாடிப்படிக்கு அடியில்
சாக்கு போர்த்திப் படுத்திருக்கிற ஒன்றைப் பார்த்தார்.
"அரை ஹெச்.பி.யா?"

நான் பேசவில்லை.

"லைன்ல தண்ணி இல்லாதப்போ இது இழுத்தா
குழாய்ல எங்க ஓட்டையோ அங்கல்லாம் வாயத் திறந்துக்கும்.
பக்கத்துலயே சாக்கடை போகுது.
வேற எதக் குடிக்கும் சொல்லுங்க."
குற்றம் சொல்கிற குரல் இல்லை,
பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரல்.
பையை மாட்டிக்கொண்டு
அடுத்த வீட்டு மணியை அடித்தார்.

மாடியில் நஸ்ரீனின் குழந்தைக்கு ஒன்பது மாதம்.
பாலுக்குக் கேன் தண்ணீர், முப்பத்தைந்து ரூபாய்.
குளிப்பாட்ட எங்கள் தொட்டித் தண்ணீர்.
தலையில் ஊற்றினால் அது வாயைத் திறந்து சிரிக்கும்,
அதை யார் தடுப்பது.
போன வாரம் நாலு நாள் ஓ.ஆர்.எஸ்.
வாடகை தரும்போது சொன்னாள், புகாராக அல்ல.
"பல்லு மொளைக்குதுல்ல அங்கிள், அதான்."
ஆமாம்மா என்றேன்.
இந்த வாய்தான் சொன்னது.

மறுநாள் சாக்கை எடுக்கவில்லை.
அடிபம்பில் அடித்தேன்.
ஐம்பத்தாறு வயதுத் தோள்.
முதலில் காற்று, பிறகு ஓர் இருமல்,
பிறகு அரைக் குடம். அதுவும் மஞ்சள்.
சுவருக்கு அந்தப் பக்கம் ஞானசுந்தரம் வீட்டில்
சன்னமாக ஓர் உறுமல்.
அதற்கடுத்த வீடு. எதிர் வீடு. தையல் கடை மாடி.
இருட்டில் சந்து முழுக்க
ஒரே ஸ்ட்ராவில் முப்பது வாய்.

ஐந்து பத்துக்கு மேலிருந்து குரல்.
"அங்கிள், தண்ணி ஏறலையே?"
பின்னால் குழந்தையின் சிணுங்கல்.

சாக்கு ஈரமாக இருந்தது.
ஸ்விட்ச் எங்கே என்று கைக்குத் தெரியும்,
விளக்குப் போட வேண்டியதில்லை.

எட்டாவது பாட்டிலைப் பிடித்து
மூடியில் தேதி எழுதினேன்.
பேனாவை மூடப் போய்,
மூடாமல்,
கீழே என் பெயரையும்.